ஹைட்ரஜன் சாரும் என் உறையூர் வீடும்

அமீரகத்தின் புஜைராவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு என் கணவர் 'ஹைட்ரஜன் சார்'. முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பட்டம் வந்த கதை சின்னது. சவூதியில் யான்புவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் அவர் சில வருடங்கள் ஷிஃப்ட் எஞ்சினியராக இருந்தார். எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் பிரித்தெடுக்கும் யூனிட். அந்த ஹைட்ரஜன், டீசலில் இருக்கும் கந்தகத்தை நீக்கப் போகும். அவ்வளவுதான் வேலை. பிறகு புஜைராவுக்கு வந்து எண்ணெய் டாங்குகளின் பராமரிப்பைப் பார்க்கிறார். ஹைட்ரஜன் பக்கம் எட்டிப் பார்த்தே பல காலமாகிறது. ஆனால் வளைகுடாவில் ஒருவர் எதற்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தாரோ, அதற்கு ஆயுள் முழுக்க அவர்தான் நிபுணர். ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவரிடம் போய் சர்க்கரைக்கு என்ன மாத்திரை நல்லது என்று கேட்பார்கள். ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிறவரிடம் டிக்கெட் விலை எப்போது இறங்கும் என்று கேட்பார்கள். அவர்களும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதை போய்விடுமாம்.

நான் இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். இந்தக் கதை நடந்த வருடம் பள்ளி கைமாறியது. புது நிர்வாகம் எங்கள் பழைய கணக்கை எல்லாம் முடித்து, கிராஜுவிட்டி என்கிற சர்வீஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு, புதிதாகக் கான்ட்ராக்ட் போட்டது. இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியதற்கு மொத்தமாகக் கைக்கு வந்த பணம் அது. என் மாதச் சம்பளம் வாடகை, மகளின் ஃபீஸ், ஊருக்குப் போகிற டிக்கெட் என்று வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இது ஒன்றுதான் முழுதாக நின்றது.

அதை என்ன செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. திருச்சி உறையூரில் ஒரு வீடு. பங்களா எல்லாம் இல்லை, மாடியில் இரண்டு ரூம் வைத்த ஃபிளாட். லீவில் போனபோது பார்த்துவிட்டு வந்திருந்தேன். அடுப்படியில் நின்றால் தெருவில் போகிற கறிகாய் வண்டி தெரியும். அதெல்லாம் இரண்டாம்பட்சம். பத்திரம் என் பெயரில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நான் பிறந்த வீடு அண்ணன் பெயரில். வாழப் போன வீடு மாமனார் பெயரில். இங்கே இருக்கிற வீடு யாரோ ஓர் அரபியின் பெயரில். யாரும் என்னை வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு வாசல் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் என்ன பேராசை இருக்கிறது? பில்டரிடம் அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று போனில் சொல்லியும்விட்டேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மத்தியானம் மூன்று குடும்பங்கள் சேர்ந்து சாப்பிடுவோம், வாரம் ஒரு வீட்டில். எங்கள் குடும்பம், துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு மதுரைக்காரர் குடும்பம், வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் ஒரு கும்பகோணத்துக்காரர் குடும்பம். ஆண்கள் முதல் பந்தி. பெண்கள் பரிமாறிவிட்டு இரண்டாம் பந்தி. முதல் பந்தியில்தான் உலக விஷயமெல்லாம் தீர்மானமாகும். நாங்கள் உட்காரும்போது அப்பளம்கூட மிச்சமிருக்காது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. மதுரைக்காரர் போனை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அண்ணே, இனிமே லாரியெல்லாம் டீசல்ல ஓடாதாம்ல. ஹைட்ரஜனாம். ஃபியூயல் செல்லுன்னு ஒரு பொட்டிய வச்சா கரண்டு வருதாம், பின்னாடி புகையே இல்லையாம், தண்ணிதேன் சொட்டுமாம். வெளிநாட்டுல ஒரு கம்பெனி பண்றாய்ங்க. ஷேர் இப்பத்தேன் சல்லிசா கெடக்கு. உங்க சப்ஜெக்ட்டுல்லண்ணே இது!"

'தம்பி, நான் பார்த்த வேலை வேற, இந்தப் பெட்டி வேற. இதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்வாரா? ஹைட்ரஜன் சார் ஆயிற்றே! சாம்பார்ச் சட்டியையும் ரசச் சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திவைத்து வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்தப் பக்கம் ஹைட்ரஜன், அந்தப் பக்கம் காத்து. நடுவுல மெல்லிசா ஒரு மெம்ப்ரேன், சவ்வு மாதிரி. எதையும் எரிக்கறதில்ல, ஆனா கரண்ட் வந்துடும். அடுத்த பத்து வருஷம் இதுதான். நான் யான்புவுல இருக்கறப்பவே சொன்னேன்."

யாரிடம் சொன்னார்? என்னிடம் சொன்னதில்லை. யான்புவிலிருந்து போன் பேசும்போதெல்லாம் மெஸ்ஸில் போட்ட கோழி வேகவில்லை என்றுதான் சொல்லுவார்.

கும்பகோணத்துக்காரர் வங்கியில் இருக்கிறவர். நாலு பேருக்குக் கடன் கொடுக்குமுன் நாற்பது கேள்வி கேட்கிறவர். அவராவது ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பாயசத்தை உறிஞ்சினார்.

நான் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டே கேட்டேன். "இந்தக் கம்பெனி ஒரு வருஷமாவது லாபம் காட்டியிருக்கா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். மதுரைக்காரர் சொன்னார், "அண்ணி, இது ஸ்கூல் கணக்கு இல்ல. ஃப்யூச்சர் அண்ணி, ஃப்யூச்சர்!"

அதே மூச்சில் என் கணவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. "எங்க வீட்லேர்ந்து அவ கிராஜுவிட்டிய ஃபுல்லா போடறோம். மூணு பேரும் சேர்ந்து என் அக்கவுண்ட்லயே வாங்கிடலாம். தனித்தனியா எதுக்கு?"

என்னைக் கேட்கவில்லை. முந்தின நாள் கேட்கவில்லை, அன்று காலை கேட்கவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் அறிவித்துவிட்டார். நான் அந்த இடத்தில் மாட்டேன் என்று சொன்னால் கட்டின புருஷனை நாலு பேர் எதிரில் தலைகுனிய வைத்தவள் என்று ஆகும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அங்கே வைத்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "என் வீட்டுப் பணம்ங்க அது. பில்டர்கிட்ட சொல்லியாச்சு."

"ஒரு வருஷம் பொறு. ஒரு ஃபிளாட் என்ன, ரெண்டு வாங்கலாம். இப்ப நான் வாக்குக் குடுத்துட்டேன். பின்வாங்கினா அவங்க என்ன நினைப்பாங்க?"

"நான் பில்டர்கிட்ட குடுத்தது வாக்கு இல்லையா?"

"அவன் யாரோ. இவங்க தெனம் பாக்கற ஆளுங்க."

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதை என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் பணத்தை மாற்றிவிட்டார். மொத்த முதலில் பாதி என்னுடையது. மிச்சப் பாதி அவர்கள் இரண்டு பேருடையது.

முதலில் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. அப்பா, அந்த நாட்களின் ஆர்ப்பாட்டம்! சாயங்காலம் அமெரிக்கச் சந்தை திறக்கிற நேரம் மூன்று போனிலும் மெசேஜ் பறக்கும். டாங்குக்குத் துரு எடுக்கிற டெண்டரைப் பார்க்க வேண்டியவர், டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஜெர்மனியில் எத்தனை ஹைட்ரஜன் பங்க் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு விடுமுறை நாளில் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தேன். பெரிய சூட்சுமம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஒரு பெட்டி செய்ய ஆகிற செலவு, அதை விற்று வருகிற காசைவிட அதிகம். துண்டு விழுகிறதை அடைக்கப் புதிது புதிதாகப் பங்கு அச்சடித்து விற்கிறார்கள். சம்பளமே அப்படித்தான் போடுகிறார்கள். அவரிடம் காட்டினேன்.

"டெக்னாலஜி கம்பெனின்னா அப்படித்தான் இருக்கும். நீ நெகட்டிவா பேசாத."

எனக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு கோபமும் கிடையாது. நாளைக்கு உலகத்து லாரியெல்லாம் அதில் ஓடட்டும், ரொம்ப நல்லது, பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கும். ஆனால் நல்ல பொருள் வேறு, நல்ல கம்பெனி வேறு. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

பிறகு இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமைச் சாப்பாட்டில் கிரிக்கெட் பேசினார்கள். மழை பேசினார்கள். ஒருநாள் சாயங்காலம் வாசல் மணி விடாமல் அடித்தது. திறந்தால் மதுரைக்காரர், கையில் ஸ்வீட் டப்பா, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கும்பகோணத்துக்காரர்.

"அண்ணே! பாத்தீங்களா! ஒரே நாள்ல பத்து மடங்கு! ஆத்தாடி!"

என் கணவர் போனைப் பார்த்தார். உண்மைதான். ஒரு பங்கின் விலை முந்தின நாளைவிடப் பத்து மடங்கு. கணக்கிலும் அப்படியே பத்து மடங்கு பணம் காட்டியது. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வங்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் என் வாயில் ஒரு பால்கோவாவைத் திணித்து, "போன் போடு உன் பில்டருக்கு" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். உறையூர் அடுப்படி கண்முன்னால் வந்துவிட்டது.

எனக்கு மனசு கேட்காமல் கம்பெனியின் அறிவிப்பைத் தேடிப் படித்தேன். பங்கு விலை ரொம்பக் கீழே போனால் சந்தையிலிருந்தே தூக்கிவிடுவார்களாம். அதிலிருந்து தப்ப, பத்துப் பழைய பங்கைச் சேர்த்து ஒரு புதுப் பங்காக்கிவிட்டார்கள். விலை பத்து மடங்கு ஆகும், எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும். சல்லிக்காசு கூடவில்லை. எங்கள் ஆப்பில் புது விலை ஏறியிருந்தது, புது எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "சார், மேடம் சொல்றது கரெக்டா?" என்று கும்பகோணத்துக்காரர் என் கணவரைக் கேட்டார். கணக்கு டீச்சர் கணக்குச் சொல்கிறேன், அது சரியா என்று ஹைட்ரஜனைக் கேட்கிறார்! என் கணவர், "சான்ஸ் இல்ல, ஏதோ பெரிய ஆர்டர் கெடச்சிருக்கும்" என்றார். மறுநாள் ஆப்பில் எண்ணிக்கை சரியானது. மிச்ச ஸ்வீட்டைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஸ்டாஃப் ரூமில் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கும்பகோணத்துக்காரருக்கு மஸ்கட்டுக்கு மாற்றல் வந்தது. நான் என் கணவரிடம் எப்போது கேட்டாலும், "அப்படியே கெடக்கட்டும், பாத்துக்கலாம்" என்பார். சரி, மரத்தை வைத்துவிட்டோம், வாடினாலும் வேர் இருக்கும் என்று நானும் பொறுத்தேன். பில்டருக்குத் தவணை சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

மகளுக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்காகப் பாவாடை தாவணி வாங்க பர் துபாய் போயிருந்தோம். அவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நானும் மகளும் மீனா பஜாரில் நடந்துகொண்டிருந்தபோது நகைக்கடைக்குள்ளிருந்து "அக்கா!" என்று குரல். மதுரைக்காரரின் மனைவி. கழுத்தில் ஒரு சங்கிலியை வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்காக்கா? இன்னக்கி வெலைக்கி இவ்வளவுதேன் வருது. ஷேர்ல போட்டது போச்சுன்னுதேங்க்கா இருந்தோம். அண்ணன் மாதிரி ஒரு மனுசன் உண்டா? போட்ட காசு முழுசையும் அப்படியே கையில குடுத்துட்டாரு. கும்பகோணத்து ஆளுக்கும் அப்படித்தானாம்ல. இந்தக் காலத்துல யாருக்கா குடுப்பா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அவரிடம் வேறு பணம் ஏது? போட்டதன் மதிப்பு பாதியாக நின்றபோது எல்லாவற்றையும் விற்றிருக்கிறார். வந்த பணம், அவர்கள் இரண்டு பேரும் போட்ட முதலுக்குச் சரியாக இருந்திருக்கிறது. அதை எடுத்து முழுசாக அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நஷ்டம் முழுக்க என் தலையில். என்னிடம் 'அப்படியே கெடக்கட்டும்' என்று சொன்ன நாட்களில் அங்கே கிடப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

"அது என் பணம்" என்றேன்.

"என்னக்கா?"

"ஒனக்கு வந்திருக்கறது என் பணம். என் கிராஜுவிட்டி."

அவள் முகம் செத்துப்போயிற்று. "அய்யோ, எனக்குத் தெரியாதுக்கா. சாமி சத்தியமா தெரியாது." சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மேல் தப்பில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நாங்கள் தெருவைக் கடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கடைக்காரர் அந்தச் சங்கிலியை அவளுக்குப் பெட்டியில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"என்னை நம்பிப் போட்டாங்க. நஷ்டம்னு கைய விரிச்சா நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"என் மூஞ்சில முழிக்கலாமா?"

"நீயும் அவங்களும் ஒண்ணா? உன் பணம் என் பணம்னு நம்ம வீட்ல என்னிக்குப் பிரிச்சோம்? எல்லாம் நம்ம பணம்தானே."

"சரிங்க. நம்ம பணம்தான். அப்ப துவாக்குடில உங்க பேர்ல இருக்கற மனையும் நம்மளுதுதானே? அடுத்த லீவுல போய் என் பேருக்கு எழுதிக் குடுங்க. என் வீட்டுக்குப் பதிலா அது இருக்கட்டும்."

கார் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு லாரியை முந்திவிட்டுச் சொன்னார், "அது எங்கப்பா வாங்கினது. அதுல கை வச்சா எங்க அண்ணன் தம்பி என்ன நினைப்பாங்க?"

இந்த மனிதர் யார் யார் என்ன நினைப்பார்கள் என்று எவ்வளவு கவலைப்படுகிறார்! மதுரைக்காரர் என்ன நினைப்பார், வங்கிக்காரர் என்ன நினைப்பார், ஊரில் இருக்கிற தம்பி என்ன நினைப்பார். பக்கத்து சீட்டில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறவள் என்ன நினைப்பாள் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோன்றியிருக்குமா?

பின் சீட்டிலிருந்து மகள் சொன்னாள். "அட்லீஸ்ட் அம்மாகிட்ட சாரி சொல்லுங்கப்பா. இட்ஸ் நாட் ஃபேர்."

"எதுக்கு சாரி? நான் யாரை ஏமாத்தினேன்?" அவர் குரல் உயர்ந்தது. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எல்லாருக்கும் பைசா பாக்கியில்லாம செட்டில் பண்ணிட்டேன்ல? எல்லாருக்கும்!"

எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பில்டருக்குப் போன் செய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். "இத்தனை நாள் வச்சிருந்தேனேம்மா" என்று அவர் வருத்தப்பட்டார். அவருக்கு இருந்த வருத்தம்கூட என் வீட்டில் இல்லை.

அந்த வாரமே பள்ளி முடிந்து வங்கிக்குப் போனேன். என் சம்பளக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் நான் அவர் விசாவில் இங்கே வந்த புதிதில் திறந்தது என்பதால் பதிவான மொபைல் நம்பர் அவருடையது. சம்பளம் வந்தால் மெசேஜ் அவருக்குப் போகும். பணம் எடுக்க ஓடிபி அவருக்குப் போகும். இங்கே எத்தனையோ பெண்களின் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது, யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கணவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொன்னேன். கவுன்டரில் இருந்த பையன் இந்தியில் கேட்டான், "மேடம், ஹஸ்பண்ட் கா நம்பர் ஹடானா ஹை? பக்கா?"

"பக்கா" என்றேன்.

மாதக் கடைசியில் அவர் டியூட்டி முடிந்து வந்து, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"என்ன, உங்க ஸ்கூல்ல இன்னும் சம்பளம் போடலையா? மெசேஜே காணோம்."

"போட்டுட்டாங்க" என்றேன்.